பாறை காக்கும் என்றார்கள். தண்ணீர் காட்டிக் கொடுத்தது

அணு மின் நிலையத்தின் கழிவை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு உலகெங்கும் நிபுணர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான். பூமிக்குள் ஆழமாகக் குடைந்து, பாறைக்கு நடுவே புதைத்துவிட வேண்டும். பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாக அசையாமல் கிடக்கிறது, இனியும் கிடக்கும், கழிவை அது காக்கும் என்கிறார்கள்.

இது பொய் அல்ல. ஆனால் பாதி உண்மை. பாறை அசையாமல் கிடக்கலாம். பாறைக்குள் இருக்கும் தண்ணீர் சும்மா கிடப்பதில்லை. அந்தத் தண்ணீரில் கரைந்த பொருளும் சும்மா கிடப்பதில்லை. அது எந்த வழியில், எவ்வளவு வேகத்தில், எங்கே போகிறது என்பதுதான் மீதிப் பாதி உண்மை. அந்தப் பாதியை மக்களிடம் சொல்லாமல் விட்டதால் ஒரு தேசம் இன்று என்ன பாடு படுகிறது என்பதை இங்கே எழுதுகிறோம்.

ஆலையில் மூன்றாம் ஷிப்டு பார்க்கிறவருக்கும், வயலில் நாற்று நடுகிறவருக்கும் இந்த விவகாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். சுரங்கத்தில் இறங்குகிறவன் யார்? தொழிலாளி. புதைத்த இடத்துக்கு மேலே கிணறு வெட்டிக் குடிக்கிறவன் யார்? விவசாயி. எல்லாம் கெட்ட பிறகு வரி கட்டி ஈடு செய்கிறவன் யார்? இந்த இருவரும்தான். ஆகவே இது நம் விவகாரமே.

பாறைக்குள் தண்ணீர் நடக்கும் விதம்

கோவை, தருமபுரி பக்கத்து விவசாயிக்குப் பாறையைப் பற்றிப் பாடம் சொல்லத் தேவையில்லை. ஒரு இடத்தில் 800 அடி போர் போட்டாலும் வெறும் புகைதான் வரும். இருபது அடி தள்ளிப் போட்டால் 300 அடியில் தண்ணீர் பீறிடும். காரணம் என்ன? பாறை முழுவதும் ஒரே மாதிரி இல்லை. வெடிப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. வெடிப்பு இல்லாத இடத்தில் ஓடுவதில்லை. ஒரு வெடிப்பு இன்னொரு வெடிப்போடு சேர்ந்திருந்தால்தான் ஊற்றுக்கண்.

அணுக் கழிவு விஷயத்திலும் முதல் கணக்கு இதுதான். கரைந்த பொருள் பாறைக்குள் இரண்டு விதமாகப் பயணம் செய்கிறது. ஒன்று, வெடிப்பில் ஓடும் தண்ணீரோடு சேர்ந்து போவது. இது வேகமான வழி. மற்றொன்று, தண்ணீர் ஓடாமல் நின்றாலும் பொருள் மட்டும் மெல்லப் பரவுவது. அசையாத தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் விட்டால், கலக்காமலே அது பரவுகிறதல்லவா? அதேபோல, கல்லுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே பொருள் ஊறிச் செல்கிறது. இது மிக மெதுவான வழி. இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு காலம் பிடிக்கும். நல்ல இறுக்கமான களிமண் பாறையில் ஒரு மீட்டர் தூரம் கடக்கவே நூற்றுக்கணக்கான, சில பொருள்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

இந்த மெதுவான வழி நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. வெடிப்பில் ஓடும் பொருளில் ஒரு பகுதி, பக்கவாட்டில் கல்லின் துளைகளுக்குள் ஊறிப் போய்ச் சிக்கிக்கொள்கிறது. தண்ணீர் முன்னே போய்விடும், பொருள் பின்தங்கிவிடும். பாறை காக்கும் என்று விஞ்ஞானிகள் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

சாயமும் நூலும்

இன்னொரு காரணத்தைச் சாயப் பட்டறைத் தோழர்கள் சுலபமாகப் புரிந்துகொள்வார்கள். தொட்டியில் நூலை முக்கினால் சில சாயம் நூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. சில சாயம் பிடிக்காமல் தண்ணீரிலேயே தங்கி, சாக்கடையோடு போய்விடுகிறது. அணுக் கழிவிலுள்ள பொருள்களும் இப்படித்தான். சீசியம் களிமண்ணைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். புளுட்டோனியமும் பெரும்பாலும் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அயோடின் ஒட்டாது. குளோரினும் ஒட்டாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் அவை போகும். டெக்னீஷியம் என்ற பொருள் காற்றுப் படாத ஆழத்துத் தண்ணீரில் கரையாமல் அடங்கிக் கிடக்கும். காற்றுக் கலந்த தண்ணீர் பட்டால் கரைந்து கிளம்பிவிடும்.

இவற்றின் ஆயுள் என்ன? சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு. புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டு. டெக்னீஷியம்-99 பாதியாகக் குறைய இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல். அயோடின்-129 பாதியாகக் குறைய ஒன்றரைக் கோடி ஆண்டுக்கு மேல். கரிகாலன் கட்டியதாகச் சொல்லும் கல்லணைக்கு ஏறத்தாழ 2,000 வயது. எந்தக் கம்பெனியின் உத்தரவாதக் காகிதம் இத்தனை காலம் செல்லும்? எந்த மந்திரியின் வாக்குறுதி இத்தனை காலம் நிற்கும்?

தூசியின் முதுகில் ஏறி

கல்லோடு ஒட்டிக்கொள்ளும் பொருளாவது நகராமல் கிடக்குமா? அங்கேயும் ஒரு சங்கதி இருக்கிறது. பஞ்சாலையில் புளோரூமில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். பஞ்சு கீழே கிடந்தாலும் அதன் தூசி காற்றில் மிதந்து நுரையீரல் வரைக்கும் போகிறது. நிலத்தடித் தண்ணீரிலும் களிமண், இரும்புத் துருவின் அதிநுண்ணிய தூசிகள் மிதக்கின்றன. புளுட்டோனியம் பாறையோடு ஒட்டுவதற்குப் பதில் இந்தத் தூசியோடு ஒட்டிக்கொண்டால், தூசியின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும்.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 1968-ல் பூமிக்கடியில் 'பென்ஹாம்' என்ற அணுகுண்டைச் சோதித்தார்கள். புளுட்டோனியம் வெடித்த இடத்திலேயே கிடக்கும் என்றுதான் பொதுவாக நம்பினார்கள். 1999-ல் வெளியான ஆராய்ச்சி வேறு விதமாகச் சொன்னது. 1.3 கிலோமீட்டர் தள்ளி எடுத்த கிணற்றுத் தண்ணீரில் அதே குண்டின் புளுட்டோனியம் இருந்தது. அளவு மிகச் சிறியது. ஆனால் நகராது என்ற பொருள் நகர்ந்திருந்தது.

சோவியத் நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று எதிரிகள் கேட்பார்கள். மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. யூரல் பகுதியில் மாயாக் அணு ஆலையின் திரவக் கழிவை 1951 முதல் கராச்சாய் ஏரியில் கொட்டினார்கள். அங்கிருந்து புளுட்டோனியம் இரும்புத் துருத் தூசியில் ஏறி, நிலத்தடி நீரில் சுமார் 4 கிலோமீட்டர் வரை போயிருப்பதை 2006-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அமெரிக்க அணுகுண்டின் மிரட்டலுக்கு நடுவே, யுத்த அவசரத்தில் கட்டிய ஆலை அது என்பது சரித்திரம். ஆனால் தண்ணீருக்குக் கொடியின் நிறம் தெரியாது. ரகசியத்தில் செய்த வேலை எந்த நாட்டில் செய்தாலும் அதன் பலனை அந்த நாட்டு உழைப்பாளி மக்கள்தான் அனுபவிக்கிறார்கள்.

ஆஸ்ஸே சுரங்கத்தின் கதை

இனி முக்கியமான கதைக்கு வருவோம். ஜெர்மனியில் லோயர் சாக்ஸனி மாகாணத்தில், ரெம்லிங்கன் கிராமத்துக்குப் பக்கத்தில் ஆஸ்ஸே-2 என்ற பழைய உப்புச் சுரங்கம் இருக்கிறது. 1909 முதல் அங்கே பொட்டாஷ் உப்பும் பிறகு பாறை உப்பும் வெட்டினார்கள். 1964-ல் லாபம் கட்டவில்லை என்று மூடினார்கள். 1965-ல் மேற்கு ஜெர்மன் சர்க்கார் அதை வாங்கியது. அணுக் கழிவைப் புதைக்கும் 'ஆராய்ச்சி'க்கு என்று சொன்னது.

உப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு நியாயம் சொன்னார்கள். தண்ணீர் இருந்திருந்தால் உப்பு எப்போதோ கரைந்து போயிருக்கும். உப்பு மலை கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிற்பதே அங்கே தண்ணீர் இல்லை என்பதற்குச் சாட்சி என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மனிதன் கை படாத உப்பு மலைக்கு இந்த வாதம் பொருந்தும். ஆனால் ஆஸ்ஸே மனிதன் கை படாத மலையா? அரை நூற்றாண்டுக்கு மேல் தோண்டித் தோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் வெட்டி, தேன்கூடு போல் ஆக்கிய மலை அது. தெற்குப் பக்கத்தில் வெளிப் பாறைக்கு மிக நெருக்கமாக வெட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் தாங்கி நிற்கும் உப்புச் சுவர்கள் பாரத்தில் நசுங்குகின்றன. சுவர் நசுங்கினால் மேலே உள்ள பாறை நகர்கிறது. பாறை நகர்ந்தால் வெடிப்பு விழுகிறது. வெடிப்பு விழுந்தால் தண்ணீர் வருகிறது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

பக்கத்திலேயே சாட்சியும் இருந்தது. அதே மலையில் தோண்டிய ஆஸ்ஸே-1 சுரங்கம் 1906-ல் தண்ணீரில் மூழ்கியது. ஆஸ்ஸே-3 சுரங்கமும் மூழ்கியது. மூன்றில் இரண்டு மூழ்கிய பிறகு, மூன்றாவதை உலர்ந்த இடம் என்று நம்பிக் கழிவைக் கொண்டுபோய் வைத்தார்கள்!

1967 முதல் 1978 வரை 1,25,787 பீப்பாய்களும் பெட்டிகளும் உள்ளே போயின. முதலில் அடுக்கி வைத்தார்கள். பிறகு அடுக்கவும் பொறுமை இல்லை. இயந்திர வண்டியில் கொண்டுவந்து உப்புச் சரிவில் குப்பையைப் போல் உருட்டிவிட்டார்கள். மேலே உப்பைத் தள்ளி மூடினார்கள். திரும்ப எடுக்க வேண்டிவரும் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. உள்ளே கிடக்கும் புளுட்டோனியம் மட்டும் சுமார் 28 கிலோ.

1979-ல் ஒரு பொறியியலாளர், தண்ணீர் புகும் அபாயம் இருக்கிறது என்று கணக்குக் காட்டி எழுதினார். பொறுப்பில் இருந்தவர்கள் செவி சாய்க்கவில்லை. 1988-ல் தண்ணீர் வந்தே விட்டது. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 12,000 லிட்டர் உப்பு நீர். நம் ஊர்க் கணக்கில் தினம் ஒரு தண்ணீர் லாரி. அதில் பெரும்பகுதியைக் கழிவின் மேல் படுவதற்கு முன்பே மேல் தளத்தில் பிடித்து வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கீழே 750 மீட்டர் ஆழத்தில், கழிவு அறைக்கு முன்னால் தேங்கிய உப்பு நீரில் சீசியம் இருந்தது. நடத்தியவர்களுக்கு அது தெரியும். அந்தக் கெட்ட நீரை உரிய அனுமதியில்லாமல் சுரங்கத்தின் இன்னும் ஆழமான பகுதிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 2008-ல்தான் இது ஊருக்குத் தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். சோறு தீர்ந்ததும் பூசணிக்காய் வெளியே வந்தது.

பிறகு நடந்தது என்ன? 2009 ஜனவரியில் நிர்வாகம் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இலாகாவின் கைக்கு மாறியது. கழிவு முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டும் என்று 2013-ல் தனிச் சட்டமே போட்டார்கள். 2033-ல் எடுக்கத் தொடங்கலாம் என்று 2020-ல் திட்டம் வெளியிட்டார்கள். எடுப்பதற்குப் புதிய சுரங்கக் குழி வேண்டும். எடுத்ததை வைக்க மேலே புதிய கட்டடம் வேண்டும். துருப்பிடித்து நசுங்கிய பீப்பாய்களைத் தூர நின்று எடுக்கும் இயந்திரங்கள் வேண்டும். இதற்கிடையில் 2024-ல், வழக்கமாகத் தண்ணீரைப் பிடித்துவந்த இடத்தில் வரத்துக் குறைந்து, இன்னும் கீழே வேறு இடங்களில் நீர் தலைகாட்டியது. தண்ணீர் தன் பாதையை மாற்றிக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

லாபம் ஒரு பக்கம், பாரம் ஒரு பக்கம்

பதினோரு ஆண்டுகளில் போட்டதை எடுக்க, தண்ணீர் வந்த நாளிலிருந்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இந்தச் செலவை யார் கொடுக்கிறார்கள்? கழிவின் நச்சில் பெரும்பகுதி கார்ல்ஸ்ரூஹே அணு ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் அங்கிருந்த எரிபொருள் மறுபதன ஆலையிலிருந்தும் வந்தது. மின்சாரக் கம்பெனிகளின் உலையில் எரிந்த எரிபொருளை அங்கே பதன் செய்தார்கள். மின்சாரத்தை விற்றுப் பணம் பார்த்தவை கம்பெனிகள். ஆஸ்ஸேயின் செலவோ சர்க்கார் கஜானாவுக்கு என்று 2009-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். கஜானா யாருடையது? ஜெர்மன் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த வரி அது.

ஆஸ்ஸேயில் பாறையும் தண்ணீரும் தங்கள் இயற்கைப்படியே நடந்தன. தப்புச் செய்தது வேறு. கையில் கிடைத்த பழைய சுரங்கத்தைச் சிக்கனமான வழி என்று பிடித்துக்கொண்ட கஞ்சப் புத்தி தப்புச் செய்தது. ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக் குப்பைக் கிடங்கு நடத்திய தந்திரம் தப்புச் செய்தது. எச்சரித்தவர் வாயை அடைத்த அதிகார மமதை தப்புச் செய்தது. லாபத்தைத் தனியாருக்கும் நஷ்டத்தை ஜனங்களுக்கும் பங்கு பிரிக்கும் முதலாளித்துவ ஏற்பாட்டில் இவை மூன்றும் கூடவே பிறக்கின்றன.

விஞ்ஞானத்துக்கு விரோதமா?

இப்படி எழுதினால் 'கம்யூனிஸ்டுகள் விஞ்ஞானத்துக்கு விரோதிகள்' என்று பத்திரிகை முதலாளிகள் எழுதுவார்கள். நாம் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்கிறோம். முழு விஞ்ஞானத்தையும் சொல்லச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

பாறை காக்கும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஒக்லோ என்ற இடத்தில், சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன்பு யுரேனியப் படிவம் தானாகவே அணு உலைபோல் எரிந்தது. காபோனின் யுரேனியத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனபோது, 1972-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். அங்கே பிறந்த புளுட்டோனியம் ஏறக்குறைய பிறந்த இடத்திலேயே தங்கி அழிந்தது. ஆனால் சீசியமும் அயோடினும் பெரும்பாலும் கிளம்பிப் போய்விட்டன. இயற்கையே பாதி காத்தது, பாதி விட்டது. இந்த இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் விஞ்ஞானம்.

பின்லாந்தில் ஒன்கலோ என்ற இடத்தில் 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், கெட்டிப் பாறையில் கழிவுக்கென்றே புதிதாகச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். செம்புக் குடுவையில் கழிவு. சுற்றிலும் தண்ணீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் களிமண். அதற்கு வெளியே பாறை. ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்கும் என்ற யோசனை. ஸ்வீடனிலும் இதே யோசனைதான். அந்தச் செம்பு அரிக்குமா அரிக்காதா என்று அங்கே விஞ்ஞானிகள் நீதிமன்றத்தில் எதிரெதிராக நின்று வாதாடினார்கள். இன்னும் விளக்கம் தேவை என்று 2018-ல் நீதிமன்றம் சர்க்காருக்குச் சொன்னது. அந்த வட்டாரத்தின் நகரசபை வேண்டாம் என்று சொன்னால் திட்டத்தை நிறுத்தும் உரிமையும் அதற்கு இருந்தது. 2020-ல் நகரசபை ஓட்டுப் போட்டுச் சம்மதம் சொன்னது. 2022-ல்தான் சர்க்கார் அனுமதி கொடுத்தது. செலவுக்கான பணத்தை மின்சாரம் உற்பத்தி செய்யும்போதே கம்பெனிகளிடம் பிடித்து நிதியாக வைக்கிறார்கள்.

அவையும் முதலாளித்துவ நாடுகளே. ஆனால் அங்கே மக்களும் தொழிற்சங்கங்களும் நீண்ட காலம் போராடிக் கொஞ்சம் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கும் இடத்தில் பாறையைப் பற்றிய கேள்வி முன்கூட்டியே வருகிறது. கதவு பூட்டிய இடத்தில் தண்ணீர் வந்த பிறகுதான் கேள்வி வருகிறது.

கோலார் சொல்லும் பாடம்

நம் நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளிகள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரி பக்கமிருந்தும் பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் வாரிசுகள். அந்தச் சுரங்கத்தில் கைவிட்ட ஒரு பகுதியில், சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில், 1980-களில் அணுசக்தி இலாகா விஞ்ஞானிகள் ஒரு சோதனை நடத்தினார்கள். கழிவு வைத்தால் அதன் சூட்டில் பாறை எப்படி நடந்துகொள்ளும் என்று சூடேற்றிப் பார்த்தார்கள். கழிவு எதையும் வைக்கவில்லை, சோதனைதான்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நடந்தபோது, கழிவு விஷயத்தில் கோலாரின் பெயர் அடிபட்டது. தங்கவயல் மக்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். அங்கே கழிவைப் புதைக்கும் திட்டம் இல்லை என்று சர்க்கார் தரப்பில் மறுத்தார்கள். வேலையைப் பறித்த இடத்தில் நஞ்சை வைப்பார்களோ என்ற பயம் ஏன் வந்தது? மக்களிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லாத பழக்கத்தால் வந்தது.

2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட், ஆழ்நிலக் கழிவிடத்தைச் சீக்கிரம் அமைக்க வேண்டும் என்று தீர்ப்பில் சொன்னது. 2019 ஜூலையில், கூடங்குளத்தில் எரிந்த எரிபொருளைச் சேமிக்கும் கட்டடத்துக்காக அறிவித்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை எதிர்ப்பு வந்ததும் ஒத்திவைத்தார்கள். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணு மின்சாரம் என்றும், தனியார் முதலாளிகளை இதில் கொண்டுவரச் சட்டங்களைத் திருத்துவோம் என்றும் நிதி மந்திரி அறிவித்தார். மின்சாரத்துக்குக் கணக்கு இருக்கிறது. முதலாளிக்கு இடம் இருக்கிறது. கழிவுக்குக் கணக்கு எங்கே? மக்களுக்கு இடம் எங்கே?

நாம் கேட்பது

ஆகவே தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இன்றே கேட்க வேண்டியவை இவை:

எந்த இடத்தில் கழிவுக்காகப் பாறையைச் சோதித்தாலும், துளையிட்ட கணக்கு, தண்ணீர் கணக்கு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் தமிழிலும் அந்தந்த மக்கள் மொழியிலும் வெளியிட வேண்டும்.

உலர்ந்த சுரங்கம், மூடிய சுரங்கம் என்று பழைய குழிகளைச் சிக்கனத்துக்காகக் கழிவிடமாக்கக் கூடாது.

கிராம சபையும் தொழிலாளர் சங்கமும் வேண்டாம் என்றால் அங்கே திட்டம் நிற்க வேண்டும். சர்க்கார் சம்பளம் வாங்காத விஞ்ஞானிகளும் பாறையைப் பரிசோதிக்க உரிமை வேண்டும்.

மின்சாரம் விற்கிறவன், விற்கும்போதே கழிவுச் செலவைப் பொது நிதியில் கட்ட வேண்டும். பின்னால் மக்கள் தலையில் கட்டக் கூடாது.

அணு நிலையத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அவர் உடலில் பட்ட கதிர்வீச்சின் கணக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

இவை பெரிய ஆசைகள் அல்ல. கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவனின் குறைந்தபட்ச உரிமைகள். ஆஸ்ஸே சுரங்கத்தின் மேலே வாழும் விவசாயிகள் ஊர்வலம் போய், கேள்வி கேட்டு, அதிகாரிகளை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தார்கள். சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். அவர்களுக்குத் தண்ணீர் வந்த பிறகு புத்தி சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குழி வெட்டுவதற்கு முன்பே கேட்போம். சங்கக் கூட்டத்தில் கேட்போம். கிராம சபையில் கேட்போம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடமும் கேட்போம்.